அறுபத்துநாலு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும். காலை நீட்டணும், மடக்கணும், மறுபடி நீட்டணும். ஒரே மாதிரி உக்கார வராதுங்க எனக்கு. நீங்க எங்க, வெள்ளகோயிலா? நான் காங்கேயம். முக்கா மணி நேரம் ஆகும். படியூர்ல நிறுத்தி வச்சான்னா அதுக்கு மேலயும் ஆகும்.

பேரு தெய்வசிகாமணிங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்துக்கற வேலை. நாப்பத்திரண்டு மெஷின் இருக்குது, ஆனா ஒண்ணையும் தொடக் கூடாது. எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு போட்டு, அது பெங்களூர்ல யாரோ ஒருத்தர் கையில. மவுஸ் வேலை செய்யலைன்னா மாத்தலாம். பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா உருவலாம். பதினோரு வருஷமா உருவிட்டிருக்கறேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, என் கைக்குன்னு இருந்தது வீட்டுல இருக்கற ஒரே ஒரு மெஷின்தான். அது என் சம்சாரத்தோட மெஷின்.

அவளைப் பாக்கத்தான் இப்பப் போறேன். பதினெட்டு நாளா அவ அக்கா வீட்டுல இருக்கறா. சண்டைன்னு நினைச்சுக்காதீங்க. வேலை இருக்குது, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனா. நானும் சரின்னுட்டேன். சண்டைன்னா சத்தம் வந்திருக்கணும்ல? சத்தமே இல்லீங்க.

கோகிலவாணின்னு பேரு. கொழந்தைங்க துணியில பூ, பொம்மை, யானைக்குட்டி எல்லாம் பிரிண்ட் வருது பாருங்க, அதை யாராவது ஒருத்தர் வரையணும்ல. அவ அதைத்தான் வரையறா. ஒரு கம்பெனிக்கு வரைஞ்சு குடுத்துட்டிருந்தா, போன வருஷம் வெளிய வந்து வீட்டுலயே தனியாப் பண்ண ஆரம்பிச்சா. ஒரு கட்டம் வரைவா. அந்தக் கட்டத்தை மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் அடுக்கிட்டே போனா முழுத் துணியும் வந்துரும். சேர்ற எடம் தெரியக் கூடாது. அதுதான் அந்த வேலையில சூட்சுமம். அவ வரைஞ்சதுல நான் எத்தனையோ தடவை தேடிப் பாத்திருக்கறேன், எங்க சேருதுன்னு கண்டே பிடிக்க முடியாது.

ஆனா மெஷின் மெதுவா இருந்துச்சுங்க. படம் பெருசு, ஒண்ணு மேல ஒண்ணா முப்பது நாப்பது லேயர் இருக்கும். ஒரு தடவை தொறக்கறதுக்குள்ள அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்துரலாம்னு சொல்லுவா. நான்தான் தொறந்து பாத்தேன். உள்ள எட்டும் எட்டுமா பதினாறு ஜிபி ரேம். ரேம்னா, நீங்க வேலை செய்யறப்ப சாமானெல்லாம் பரப்பி வைக்கற மேசைன்னு வச்சுக்கங்க. மேசை சின்னதா இருந்தா எந்திரிச்சு எந்திரிச்சு அலமாரிக்குப் போயிட்டு வரணும். அவளோட மெஷின் பூரா நேரமும் அலமாரிக்கு நடந்துட்டிருந்துச்சு. அதனால பதினாறும் பதினாறுமா ஒரு ஜோடி வாங்குனேன். ஒரே டப்பாவுல வர்ற ஜோடி. தனித்தனியா ரெண்டு வாங்கிப் போடக் கூடாது, அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

போடறதுல ஒண்ணும் வித்தையில்லீங்க. கரண்டைப் பிடுங்கிட்டு, கேபினெட்டோட இரும்பைத் தொட்டுட்டு, பழசைக் கழட்டணும். நாலு ஸ்லாட் இருக்கும். ரேம் குச்சி ரெண்டுதான் இருக்குதுன்னா பிராசஸர் பக்கமிருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். பக்கத்துப் பக்கத்துல போட்டா ரெண்டு வழியில போக வேண்டிய சரக்கு ஒரே வழியில போகும், வேகம் பாதி. குச்சியில ஒரு வெட்டு இருக்கும், அதுவும் ஸ்லாட்டுல இருக்கற மேடும் நேரா வரணும். ரெண்டு ஓரத்துலயும் கட்டை விரலை வச்சு அழுத்துனா டக்குன்னு கொக்கி விழும். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் போடறப்ப கோகிலா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டிருந்தா. டார்ச் புடிச்சா. எதுக்கு ரெண்டாவது, எதுக்கு நாலாவதுன்னு கேட்டா. சொன்னேன்.

ஆன் பண்ணி அவளோட பெரிய படம் ஒண்ணைத் தொறந்தோம். பத்து எண்ணறதுக்குள்ள தொறந்துருச்சு. மூடிட்டு மறுபடி தொறந்தா. சிரிச்சுட்டே மூணாவது தடவையும் தொறந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி,

"போதுங்க. இதுக்கு மேல இதைத் தொடாதீங்க" அப்படின்னா.

சரின்னேன். சத்தியமா அப்பத் தொடற எண்ணமே இல்லீங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. குச்சி மேல வேகம் மூவாயிரத்து அறுநூறுன்னு எழுதியிருக்குது. ஆனா மெஷின்ல ரெண்டாயிரத்துச் சொச்சத்துலதான் ஓடுது. மெஷின் எந்திரிக்கறப்ப பயாஸ்னு ஒரு செட்டிங் இருக்கும், நாம அதுக்குள்ள போயி ஒரு இடத்துல ஆன் பண்ணலைன்னா அது அப்படித்தான் ஓடும், பாதிப் பேருக்கு இது தெரியாது. போயி ஆன் பண்ணினேன். மூவாயிரத்து அறுநூறு வந்துருச்சு. இதைத் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. அவளும் சொல்லல, அவளுக்குத் தெரியாது.

இங்கயே நிறுத்தியிருக்கலாம்னு சகலை சொல்றாரு. அவ அக்கா வீட்டுக்காரரு. அவருக்கு கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும், தேங்காய்க் களம் வச்சிருக்கறாரு.

நீங்களே சொல்லுங்க. மூவாயிரத்து அறுநூறுங்கறது கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் பொதுவா எழுதி வச்ச நம்பரு. அதுக்கு மேல ஓடுமா ஓடாதாங்கறது ஒவ்வொரு குச்சிக்கும் தனித்தனி. அதைக் கண்டுபிடிக்கறது கையில இருக்குது. போன்ல எங்களுக்கு ஒரு குரூப் இருக்குதுங்க, இதே கிறுக்குப் பிடிச்சவங்க. அந்தியூர்ல ஒருத்தர், இதே ஜோடி, இதே போர்டு. கேட்ட தகவலை ரேம் எடுத்துக் குடுக்கற நேரம் அவருக்கு ஐம்பத்தெட்டு நானோசெகண்ட் வருது, கொறைஞ்சா நல்லது. எனக்கு அறுபத்தேழு. அது எப்படீங்க? கரண்டு ஒண்ணு, குச்சி ஒண்ணு, கைதான வேற?

அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா. அவ குளிக்கப் போவா, நான் மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி உள்ள போவேன். வேகத்தை ஒரு படி ஏத்துவேன். இல்லைன்னா டைமிங்னு வரிசையா நாலு நம்பர் இருக்கும், பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு, நாப்பத்திரண்டுன்னு. அது கொறையக் கொறைய நல்லது. ஒண்ணு கொறைப்பேன். மெஷின் எந்திரிக்கலைன்னா வோல்டேஜ் ஒரு துளி ஏத்துவேன். எந்திரிச்சுரும். அவ தலை துவட்டிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் ஓடிட்டிருக்கும். அவ கவனிக்கலைன்னுதான் நினைச்சேன். ஆனா நாலாம் நாள்ல இருந்து வேலை முடிச்சதும் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைக்க ஆரம்பிச்சா. அது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சுங்க. நான் கட்டின மெஷினை நம்பாம பென்டிரைவை நம்பறது.

ரெண்டு மூணு தடவை அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. கரண்டு ஏத்தம் எறக்கம்னு சொன்னேன். எங்க லைன்ல ஏத்தம் எறக்கம் நிசமாவே இருக்குது, கேட்டுப் பாருங்க. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு போட்டுட்டே கேட்டா, மொத நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுக் குடுத்துருங்களேன்னு. மொத நாள் இருந்ததை விட இப்ப எத்தனை சதவீதம் வேகம்னு நான் கணக்குச் சொன்னேன். எனக்கு அந்த வேகம் தெரியவே இல்லியேன்னா. தெரியாதுதான். நானோசெகண்ட் கண்ணுக்குத் தெரியுமா?

சோதனை பண்ணலைன்னு சொல்லாதீங்க. பண்ணினேன். மெமரியைச் சோதிக்கறதுக்குன்னே புரோகிராம் இருக்குது. ஒவ்வொரு எடத்துலயும் எழுதிப் பாத்து, எழுதுனது அப்படியே திரும்ப வருதான்னு பாக்கும். மாறி வந்தா, எழுத்தோ படமோ அந்த எடத்துல கெட்டுப் போகும்னு அர்த்தம். ஒரு சுத்து முடிச்சுது, ஒரு தப்பும் இல்ல. நாலஞ்சு சுத்து விடணும்னு சொல்லுவாங்க, எட்டு மணி நேரம் ஆகும். அவ வேலைக்கு மெஷின் வேணும்ல? அவளுக்காகத்தான் ஒரு சுத்தோட நிறுத்தினேன். அன்னிக்கு அறுபது நானோசெகண்ட். படம் புடிச்சு குரூப்ல போட்டேன். அந்தியூர்க்காரர் கட்டை விரல் போட்டாரு.

படியூர் வந்துருச்சா? இல்ல, இது அதுக்கு முந்தின ஸ்டாப். கொஞ்சம் ஜன்னல் பக்கமா தள்ளி உக்காருங்க, என் முட்டி இடிக்குது.

அந்த வாரம்தான் அவளுக்கு அந்த வேலை வந்துச்சு. அது வரைக்கும் அவ வரைஞ்சதெல்லாம் வேற யாரோ பேருல போகும். இது அவ பேருலயே போற மொத வேலை. கொழந்தைங்க ராத்திரி போட்டுக்கற துணிக்குத் தூக்கணாங்குருவி. இலையெல்லாம் ஒரு பச்சை, கூடு ஒரு மண் நிறம், குருவி மஞ்சள். பதினாறு நாள் வரைஞ்சா. ஒரு குருவி மாதிரி இன்னொரு குருவி இருக்காது. ஒண்ணு கூட்டுக்குள்ள தலையை விட்டுட்டு வாலை மட்டும் காட்டிட்டு இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அவகிட்டச் சொல்லல, சொல்லியிருக்கலாம்.

ஃபைல் அனுப்புனா. நாலு நாள்ல பிரிண்டிங் யூனிட்ல இருந்து போன். சூப்பர்வைசர் கருப்பண்ணன், நல்ல மனுசன், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்கம்மான்னாரு. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். காலையில பத்து மணி இருக்கும். நீளமா ஒரு மேசை, கீழ இருந்து வெளிச்சம், அதுமேல துணியை விரிச்சு வச்சிருந்தாங்க. தூரத்துல இருந்து பாத்தப்ப கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சுங்க. கிட்டப் போனா, ஒரு கோடு. முடி மாதிரி ஒரு கோடு, ஊதா நிறத்துல, ஒரு குருவியோட கண்ணு வழியா குறுக்கப் போகுது. அங்கிருந்து ஒரு கட்டம், அதாவது அறுபத்துநாலு சென்டிமீட்டர் தள்ளி மறுபடி அதே கோடு, அதே குருவி, அதே கண்ணு. ரோலு பூராவும். முந்நூறு மீட்டர் அடிச்சுட்டாங்க.

கோகிலா கையில டேப் வச்சிருந்தா. குனிஞ்சு ஒண்ணுல இருந்து இன்னொண்ணு வரைக்கும் அளந்தா. அடுத்ததையும் அளந்தா. கருப்பண்ணன் மெதுவா, மெஷின்ல தப்பில்லீங்கம்மா, ஃபைல்லயே இருக்குதுன்னு சொல்லி ஸ்கிரீன்ல காட்டினாரு. இருந்துச்சு. அஞ்சாறு பேர் சுத்தி நின்னுட்டிருந்தாங்க. எல்லாரும் அவளைப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க, புருசன் ஏதாவது சொல்லுவான்னு. எனக்கு ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுங்க. ஒரே மாதிரி உக்கார வராதுன்னு மொதல்லயே சொன்னேனே, சும்மா நிக்கவும் வராது.

"பிரஷ் தெரியாம இழுத்திருக்கும், கோகிலா. கை அசந்திருக்கும்" அப்படின்னேன்.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கோபமெல்லாம் இல்லீங்க. தெரியாத ஆளு ரோட்டுல வழி கேட்டா எப்படிப் பாப்போம், அந்த மாதிரி. அப்புறம் கருப்பண்ணன்கிட்ட,

"என் தப்புதானுங்க. மூணு நாள் குடுங்க, சரி பண்ணிக் குடுத்தர்றேன்" அப்படின்னா.

நான் அவளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன், புரியுதுங்களா? கை அசந்துச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல பிரச்சினைன்னு சொன்னா, ஒழுங்கா ஒரு மெஷின் கூட இல்லாமலா வேலை எடுக்கறான்னு பேசுவாங்க. அவ நல்லதுக்குத்தான். அந்த நேரத்துல அப்படியெல்லாம் யோசிச்சேனான்னு கேட்டா, இல்ல. பின்னாடி யோசிச்சேன். ஆனா நல்ல காரணம்தான?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஏனுங்க, என் கை அப்படி இழுக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அதுக்கு நான் கரண்டைப் பத்திச் சொன்னேன். வெயிலைப் பத்திச் சொன்னேன், சித்திரை மாசம், ரூமுக்குள்ள அனலு. அந்த டிசைன் சாஃப்ட்வேர் புதுசா அப்டேட் ஆனதைப் பத்திச் சொன்னேன். அவ கேட்டுட்டே ஒரு பையில துணி எடுத்து வச்சா, பென்டிரைவை வச்சா. மேசை டிராயரைத் தொறந்து, நான் கழட்டிப் போட்டிருந்த அந்தப் பழைய எட்டு ஜிபி ரெண்டையும் எடுத்து, ஒரு கைக்குட்டையில சுத்தி வச்சா. அது எதுக்குன்னு கேட்டேன். அக்கா வீட்டுல ஒரு மெஷின் சும்மா கெடக்குதுன்னா. அவளே பஸ் ஏறிப் போயிட்டா.

அந்தக் குச்சி ரெண்டையும் அங்க அவளே போட்டிருக்கறா. சகலைதான் போன்ல சொன்னாரு. கரண்டைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டு, வெட்டைப் பாத்து, ரெண்டு கட்டை விரலையும் வச்சு அழுத்தி. ஆன் பண்ணினதும் எந்திரிச்சுருச்சாம். எந்த ஸ்லாட்ல போட்டான்னு கேட்டேன். சகலை போயிப் பாத்துட்டு வந்து, பக்கத்துப் பக்கத்துல இருக்குதுன்னாரு. மொதல்லயும் ரெண்டாவதுலயும். அங்க மத்த ரெண்டு ஸ்லாட்டும் கெட்டுப் போயிருச்சாம். அப்படின்னா பாதி வேகம். பாதி மெமரி, அதுல பாதி வேகம். எனக்கு அன்னிக்குச் சாப்பாடே எறங்கல.

அதுல மூணு நாள்ல முடிச்சுட்டா. பென்டிரைவ்ல பழைய காப்பி இருந்துச்சுல்ல, அதுல இருந்து எடுத்து, கெட்டுப் போனதை மட்டும் திரும்ப வரைஞ்சிருக்கறா. கருப்பண்ணன் மறுபடி அடிச்சாரு. ஒரு கோடு இல்ல. அந்தத் துணி பிடிச்சுப் போயி இப்ப இன்னும் ரெண்டு டிசைன் கேட்டிருக்கறாங்க. அதையும் அந்த மெஷின்லயே வரைஞ்சிட்டிருக்கறா.

போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு போனேன். நல்லாத்தான் பேசுனா. டீ குடுத்தா, மிச்சர் வச்சா. வரைஞ்சிட்டிருந்ததைக் காட்டுனா, மயில். ஃபைல் தொறக்கறதுக்கு அம்புட்டு நேரம் ஆச்சுங்க. அவ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தா. எனக்குத்தான் உக்கார முடியல. கேபினெட் மூடி மேல கையை வச்சேன். தொறக்கக் கூட இல்ல, வச்சேன், அவ்வளவுதான்.

"அது ஓடுதுங்க" அப்படின்னா. "ஓடறதை ஓட விடுங்க."

கையை எடுத்துட்டேன்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, அதாவது முந்தாநேத்து, வீட்டுல வேற வேலை இல்ல. மெஷினும் சும்மாதான் கெடக்குது. காலையில ஆறு மணிக்கு அந்தச் சோதனையைப் போட்டேன். முழுசா விடலாம்னு. மொதச் சுத்துல ஒண்ணும் இல்ல, நான்தான் சொன்னேனே. ரெண்டாவதுலயும் இல்ல. எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு நினைக்கறீங்க. எந்திரிச்சுப் போயி தோசை ஊத்தி நானே சாப்பிட்டேன். மூணாவது சுத்துல திரும்பி வந்து பாத்தா சிவப்புல ஒரு வரி. ஒண்ணே ஒண்ணு. நாலாவது சுத்து முடியறப்ப ஏழு.

ஏழுதாங்க. எத்தனையோ கோடி எடத்துல ஏழு. அதைப் பிசகுன்னே சொல்ல முடியாது.

அப்புறம் நான் ஏத்துனது எல்லாத்தையும் எறக்கி, பழையபடி மூவாயிரத்து அறுநூறுல வச்சு, மறுபடி நாலு சுத்து விட்டேன். அதே கரண்டு, அதே வெயிலு. ராத்திரி பத்து மணி வரைக்கும் முன்னாடியே உக்காந்திருந்தேன். ஒரு தப்பும் வரல. ஒண்ணு வராதான்னு இருந்துச்சு. வந்திருந்தா கடைக்காரன்கிட்டப் போயிக் குச்சி சரியில்லைன்னு சண்டை போட்டிருக்கலாம்ல? வரவே இல்ல.

இதை இன்னும் யாருகிட்டயும் சொல்லல. குரூப்ல போடல. சகலைக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் மொதத் தடவையா வாயில வருது. இன்னிக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கறேன். நேத்தும் லீவுதான். நேத்தும் இதே பஸ்தான், காங்கேயம் வந்துச்சு, எறங்கல, எதுக்கோ போற மாதிரி வெள்ளகோயில் வரைக்கும் போயி, அடுத்த வண்டி ஏறித் திரும்பி வீட்டுக்குப் போயிட்டேன்.

சொல்றதுல ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க. இப்படி ஆரம்பிக்கலாம்னு வச்சிருக்கறேன். கோகிலா, நான் டெஸ்ட் போட்டுப் பாத்தேன், நாலாவது சுத்துல சின்னதா ஒரு இது வந்துச்சு, அதனால ஒருவேளை அந்தக் கோடு... இல்ல, ஒருவேளை வேண்டாம். கோகிலா, வெயில் காலத்துல வோல்டேஜ் ஏத்துனா சில குச்சிங்க... அதுவும் வேண்டாமா? உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.

சரி.

கோகிலா, அந்தக் கோடு உன் கை இழுத்தது இல்ல. நான் இழுத்தது. அது எனக்கு அங்க நின்னப்பவே தெரியும்.

கருப்பண்ணன்கிட்டயும் சொல்லணும். அங்க நின்ன அந்த அஞ்சாறு பேரு முன்னாடியும் சொல்லணும். அவங்க முன்னாடிதான பழியை அவ தலையில போட்டேன்.

கண்டக்டரு காங்கேயம்னு கூப்பிடறாரு. நான் எந்திரிக்கறேன், நீங்க நல்லா காலை நீட்டிக்கங்க. இல்லீங்க, வண்டி நிக்கற வரைக்கும் காத்திருக்க மாட்டேன், இப்பவே படிக்கிட்டப் போயி நின்னுக்கறேன். உக்காந்திருந்தா இன்னொரு காரணம் தோணிப் போயிரும்.